சலம் போகுதோ

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் பிள்ளைக்குச் சுகமில்லாமல் போகக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதிலும் அன்று புத்தர் பிறந்த வெசாக் போயா. எங்கள் பக்கத்து டிஸ்பென்சரிகள் எல்லாம் மூடிக்கிடந்தன. மகளை வழக்கமாகக் காட்டும் டாக்டர் ஃபோனை அணைத்துவிட்டுப் புத்த கோயிலான பன்சலையில் சில் விரதம் எடுக்கப் போய்விட்டார். நல்ல மனிதர், அவருக்குப் புண்ணியம் சேரட்டும். ஆனால் அன்றைக்கு நான் மனதுக்குள் திட்டிய திட்டில் அந்தப் புண்ணியம் பாதி கரைந்திருக்கும்.

பேராதனையிலிருந்து கலஹாவுக்கு ஏறும் பாதையில், ஒரு மேட்டு வீட்டின் கீழ்த்தட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குக் கொழும்பில் வேலை, விடுமுறைக்கு விடுமுறை வருவார். அன்றும் வருவதாகத்தான் இருந்தது. அதுவரை வீட்டில் நானும் எட்டு மாதத்து மகளும் மட்டும்.

முதல் நாள் இரவே அவள் பாலைக் கக்கினாள். விடிந்ததும் வயிற்றால் போகத் தொடங்கியது. தண்ணீர் தண்ணீராகப் போனது. ஒரு நெப்பியை மாற்றி முடிப்பதற்குள் அடுத்தது நனைந்துவிடும். அதில் ஒன்றில், வெள்ளையும் மஞ்சளுமாகக் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. அதைக் கண்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடவில்லை என்று சொல்வதே தப்பு, ஓடிக்கொண்டேதான் இருந்தேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்கும் குசினிக்கும் நடந்தேன். அடுப்பைப் பற்றவைத்து, எதற்கு என்று தெரியாமல் அணைத்தேன். ஜன்னலைத் திறந்து, காற்றுப் படுமே என்று மூடி, புழுங்குமே என்று மறுபடி திறந்தேன்.

மேல்தட்டில் வீட்டுக்கார அம்மா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் அவரை ஆன்ட்டி என்பேன், அவர் என்னைப் பிள்ளை என்பார். அவருடைய தங்கச்சி யாழ்ப்பாணத்தில் டாக்டர். நான் படியேறிப் போய் விஷயத்தைச் சொன்னதும், "நில்லும் பிள்ளை, எடுத்துத் தாறன்" என்று தன் ஃபோனிலேயே தங்கச்சியைப் பிடித்து என் கையில் கொடுத்தார்.

மறுமுனையில் நிதானமான குரல். எப்போதிருந்து வயிற்றால் போகிறது, வாந்தி எடுத்தாளா, காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு கேட்டார்:

"சலம் போகுதோ?"

"ஆமா டாக்டர், போகுது."

"என்ன நிறம்?"

"வெள்ளையா, கொஞ்சம் மஞ்சளா."

"அப்ப நல்லம். அது போகுமட்டும் பயப்பிடாதேங்கோ. பாலை நிப்பாட்டாமல் குடுங்கோ. ஜீவனி பக்கெட் இருந்தால் கரைச்சுக் குடுங்கோ."

இன்னும் ஏதோ சொல்ல வந்தார். எங்கள் மேட்டில் வழக்கம்போல லைன் அறுந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் சலம் என்றால் மூத்திரம். அந்த டாக்டர் கேட்டது, பிள்ளை ஒன்றுக்குப் போகிறாளா என்று. உடம்பில் நீர் வற்றுகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதானாம். நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் லயத்து வீடுகளில் சலம் என்றால் சீழ். புண்ணில் சலம் வைக்கும், காதில் சலம் வடியும். காலையில் நெப்பியில் கண்ட அந்தக் கொழகொழப்பைத்தான் அவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரியாத சொல்லாக இருந்திருந்தால் என்னவென்று திருப்பிக் கேட்டிருப்பேன். தெரிந்த சொல்லாயிற்றே, அதுதான் வினை. கண்டி பஸ் நிலையத்தில் மலசலகூடம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பதைச் சின்ன வயதிலிருந்து வாசித்தவள் நான். அவசரத்துக்கு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறவள் எழுத்தைப் பிரித்துப் பொருள் பார்ப்பாளா?

ஆக, அது போகிற வரைக்கும் பயமில்லை என்று டாக்டர் சொன்னது எனக்கு அழகாகப் பொருந்திவிட்டது. கெட்டது வெளியேறட்டும் என்கிறார், சரிதானே என்று நினைத்தேன். நெஞ்சு லேசாகிப் படியிறங்கினேன்.

உப்பும் சீனியும் கலந்த ஜீவனிப் பொடியை உறையில் எழுதியிருந்தபடியே அளந்து, ஆறிய தண்ணீரில் கரைத்து, பால் போத்தலில் ஊற்றிக் கொடுத்தேன். மகள் ஆவலாகத்தான் இழுத்தாள். இழுத்த வேகத்தில் முழுவதையும் என் தோளில் கக்கினாள். மறுபடி கொடுத்தேன், மறுபடி கக்கினாள். மார்பில் போட்டால் இரண்டு இழுப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாள். தூக்கினால் இறக்கு என்று அழுதாள், இறக்கினால் தூக்கு என்று அழுதாள்.

பாதையில் காலையிலிருந்தே பக்திப் பாட்டு ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை உடுத்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஊரே சாந்தமாக இருந்தது எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

மத்தியானத்துக்குப் பிறகு வயிற்றால் போவது குறைந்தது. பிறகு நின்றே போனது. நெப்பியைத் தொட்டுப் பார்க்கிறேன், காய்ந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டேன், அப்போதும் காய்ந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கெட்டதெல்லாம் வெளியேறி முடிந்தது என்று முடிவு கட்டினேன். கணவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"என்னங்க, நின்னிருச்சு. நெப்பி காஞ்சு கெடக்கு. பிள்ளையும் அழுவுறத நிப்பாட்டிட்டா. நீங்க ஒன்னும் அரக்கப்பரக்க வர வேணாம்."

"அப்ப இந்த பஸ்ஸ விட்டுட்டு அடுத்ததுல வரவா? இதுல நிக்கவும் எடமில்ல."

"அடுத்ததுலயே வாங்க."

ஃபோனை வைத்தேன். ஆனால் உட்கார முடியவில்லை. சந்தோஷப்பட்டவள் உட்கார வேண்டாமா? மகள் மெத்தையில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடந்தாள். தூங்குகிறாள் என்று சொல்லிக்கொண்டேன். தூங்குகிற பிள்ளைக்குக் கண் இப்படிப் பாதி திறந்திருக்குமா என்று உடனே இன்னொரு கேள்வி வந்தது. கிலுக்கை ஆட்டினேன், திரும்பவில்லை. கன்னத்தைத் தட்டினேன், மெல்ல முனகினாள். களைப்பு, அவ்வளவுதான் என்று துணி மடிக்கத் தொடங்கினேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஆன்ட்டி இறங்கி வந்தார்.

"தங்கச்சி திருப்பித் திருப்பி எடுத்தவ, லைன் கிடைக்கேல்லையாம். பிள்ளை எப்பிடி?"

"நின்னிருச்சு ஆன்ட்டி. நெப்பி காஞ்சே இருக்கு."

"வயித்தால போறது நிண்டது நல்லம். சலம் போகுதுதானே?"

"அதுவும் நின்னிருச்சு. காலையிலயே நின்னிருச்சு." இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

ஆன்ட்டி வாசற்படியிலேயே நின்றார். "காலமையில இருந்து பிள்ளை சலம் போகேல்லை எண்டு சொல்லுறீரோ?"

"ஆமா. அந்தச் சீழு மாதிரி வந்ததுதானே, பொறவு வரவே இல்ல."

"என்ன சீழ்? நான் மூத்திரத்தை எல்லோ கேக்கிறன்."

காலையிலிருந்து மாற்றிய நெப்பிகளை மனம் ஒவ்வொன்றாகப் புரட்டியது. நனைந்தவை எல்லாம் வயிற்றால் போய் நனைந்தவை. மூத்திரம் எது, மற்றது எது என்று அதில் யாரால் சொல்ல முடியும்? அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் காய்ந்தவை. அந்தக் காய்ந்த நெப்பியைக் காட்டித்தான் இவ்வளவு நேரம் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

ஆன்ட்டி உள்ளே வந்து மகளின் உச்சந்தலையைத் தடவினார். அவருடைய விரல் அங்கே ஒரு குழியில் இறங்கியது. நானும் தொட்டேன். நேற்றுக் குளிப்பாட்டும்போது மட்டமாக இருந்த உச்சி, இப்போது பள்ளமாகக் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. வாய்க்குள் விரலை விட்டால் ஈரமில்லை. கண்கள் உள்ளுக்குப் போயிருந்தன. இவ்வளவும் என் கண்முன்னால்தான் நடந்திருக்கிறது. அவளைத் தூக்கினேன், தலை என் கை மேல் சரிந்தது.

பாதையில் வந்த முதல் ஆட்டோவை மறித்து ஏறினோம். டிரைவர் சிங்களவர். ஒன்றுமே கேட்காமல் வண்டியை விரட்டினார். ஆனால் அன்று வெசாக் அல்லவா? பேராதனைப் பக்கம் இறங்குகிற இடத்தில் தன்சல், தானப் பந்தல். வருகிற போகிற வாகனங்களை எல்லாம் கொடி காட்டி நிறுத்தி, குளிர்ந்த சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புண்ணிய காரியம், குடிக்காமல் யாரையும் விடமாட்டார்கள். எங்களுக்கு முன்னால் வாகனங்கள் வரிசை கட்டி நின்றன. ஒருவர் சிரித்த முகத்தோடு எங்கள் ஆட்டோவுக்குள்ளும் இரண்டு கப்பை நீட்டினார். என் மடியில் பிள்ளை ஒரு சொட்டு நீருக்கு வழியில்லாமல் கிடக்கிறாள், இந்த மனிதர் எனக்குச் சர்பத் நீட்டுகிறார். அந்தக் கப்பைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

"பபாட்ட அசனீபயி" என்றார் டிரைவர். குழந்தைக்குச் சுகமில்லை என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சர்பத் கொடுத்தவர் குனிந்து மகளைப் பார்த்தார். கப்புகளை அப்படியே வடிகானில் கொட்டிவிட்டு விசில் அடித்தார். கொடி பிடித்தவர்கள் எல்லாரும் ஓடிவந்து முன்னால் நின்ற வாகனங்களை ஓரங்கட்டி, எங்களுக்கு வழி பிரித்துவிட்டார்கள். தட்டிவிட நினைத்த கை கூசியது. அதற்கு மேல் வெட்கப்பட நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் பிள்ளையை வாங்கிப் படுக்க வைத்தார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். உடனே தட்டையாக வேண்டிய தோல் மடிப்பாகவே நின்று, மெதுவாக இறங்கியது. தலையைத் தூக்காமலே என்னைக் கேட்டார்.

"சூ கியாத?"

ஒன்றுக்குப் போனாளா என்று கேட்கிறார். சிங்களத்தில் கேட்டது ஒரே தடவையில் விளங்கியது. "நே" என்றேன், இல்லை என்று. அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காலையில் இதே கேள்வியைத் தமிழில் கேட்டார்கள், தமிழில்தான் பதில் சொன்னேன். யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. கையில் தேடினார்கள், காலில் தேடினார்கள். மகள் வாயைத் திறந்து அழுதாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கடைசியில் கணுக்காலில் ஒன்று கிடைத்து, சேலைன் ஏறத் தொடங்கியது. என்னைப் பக்கத்துக் கதிரையில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். ஆன்ட்டி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

கொஞ்சம் தெளிவு வந்ததும் தாதி ஜீவனியும் கரண்டியும் கொண்டுவந்தார். "போத்தல் வேணாம் அம்மா. கரண்டி. டிக டிக" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டுமாம். கக்கினால் கொஞ்சம் பொறுத்து, மறுபடி இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டுமாம். எனக்குப் பொறுமையும் மெதுவும் பிறவியிலேயே வராதவை. அன்றைக்கு வந்தன. ஒரு கரண்டி கொடுத்து, தொண்டை இறங்குவதைப் பார்த்திருந்து, அடுத்த கரண்டியை எடுத்தேன்.

யாழ்ப்பாணத்து டாக்டர் மறுபடி ஃபோன் எடுத்தார். ஆன்ட்டி நடந்ததைச் சொல்லிவிட்டு ஃபோனை என் காதில் வைத்தார். "நான் விளங்கக் கேட்டிருக்க வேணும்" என்றது அந்த நிதானமான குரல், இந்த முறை நிதானமில்லாமல். பரவாயில்லை என்று ஆகும்வரை அதை எப்படிச் சொல்வது? "இன்னும் போகல டாக்டர்" என்றேன். "போகும்" என்றார்.

வார்டில் எல்லாருக்கும் இதுவே கேள்வியாகிவிட்டது. தாதி போகிற வாக்கில் எட்டிப் பார்ப்பார், பக்கத்துக் கட்டில் தாய் பார்வையாலேயே கேட்பாள், நான் தலையை ஆட்டுவேன். நெப்பி கட்ட வேண்டாம், தெரியட்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு துணியின் மேல் மகளை மடியில் போட்டுக்கொண்டு, கரண்டியும் கையுமாக இருந்தேன்.

பொழுது சாயும் நேரம், மடியில் திடீரென்று சூடாக இருந்தது. துணி தாண்டி, சேலை தாண்டி, பாவாடை நனைந்து, தொடை வழியாக இறங்கிக் கதிரையிலிருந்து சொட்டியது. நான் அசையவே இல்லை. ஆன்ட்டிதான் பார்த்துவிட்டு எழுந்து ஓடினார். டாக்டரைக் கூப்பிட ஓடுகிறார் என்று நினைத்தேன், நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்.

கணவர் வந்து சேர்ந்தபோது நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மகளையும் சேலைன் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் மடியைப் பார்த்தார்.

"முழுசா நனைஞ்சிருக்கியே. பிள்ளைய நான் பிடிக்கிறேன், போயி மாத்திக்கிட்டு வா."

"இருக்கட்டுங்க" என்றேன். "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."