சாம்சனின் இடது கண்

சாம்சன் உட்கார்ந்து பார்த்தவர்கள் உத்திரமேரூரில் குறைவு. சாப்பிடும்போதுகூட தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே நடப்பார். சர்ச்சில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் எழுந்து கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். ஊரார் அவரை "மிலிட்டரி" என்று கூப்பிட்டார்கள். "மிலிட்டரி இல்லடா, நேவி" என்று ஐம்பது வருடமாகத் திருத்திக்கொண்டே வந்தார். ஒருவரும் திருந்தவில்லை.

எழுபத்தாறு வயதில் அவருக்கு இடது கண் ஒன்றுதான் வேலை செய்தது. அதிலும் புரை முற்றிக்கொண்டு வந்தது. ஏரிக்கரையில் எதிரே வந்த எருமையை ஒருநாள் நின்று நலம் விசாரித்தார். இனியும் தள்ளிப்போட்டால் பார்வை முழுதும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்கு அவர் போகாமல் இல்லை. இரண்டு முறை போனார். இரண்டு முறையும் ஆபரேஷன் மேஜையிலிருந்து எழுந்து ஓடி வந்தார். இரண்டாவது முறை ஆஸ்பத்திரியின் பச்சை அங்கியோடு பஸ் நிலையம் வரைக்கும் வந்துவிட்டார். உத்திரமேரூர் பஸ்ஸின் கண்டக்டர் அவரை ஏற்ற மறுத்தார்.

மூன்றாவது முறையாக ஆஸ்பத்திரி வேன் வந்து நின்ற காலையில் அவர் மனைவி திலகா ஒன்றைச் சொன்னார்.

"இதான் கடைசி. இந்த வாட்டியும் எயுந்து வந்தின்னா, குருட்டுக் கையப் புடிச்சிக்கினு நா சுத்த மாட்டேன். ஆமா, சொல்ட்டேன்."

"இன்னாமே, போருக்குப் போறவனாண்ட பேசற மாதிரி பேசற?"

"போருக்குக்கூட ஒயுங்காத்தான் போய்க்கீற. ஊசிக்குத்தான் ஓடற."

ஊசிக்கு அவர் ஓடவில்லை. திலகாவுக்கும் அது தெரியும். மேஜையில் படுக்க வைத்துக் கண் மட்டும் தெரியும்படி ஓட்டை போட்ட துணியை முகத்தின் மேல் போர்த்துவார்கள். அந்தத் துணி மூக்கில் படும்போதே அவர் கால்கள் தரையில் இருக்கும்.

சாம்சன் பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர்; சொந்தமாக ஒரு வரப்புகூட இல்லை. மிஷன் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, பதினேழு வயதில், சென்னையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்க் கடற்படையில் சேர்ந்தார். ஏரியைத் தவிர வேறு தண்ணீர் பார்த்திராத பையனைக் கொச்சிக்கு அனுப்பினார்கள். ரேடியோ வேலை கற்றுக்கொண்டார். காது நன்றாக இருந்ததால் விமானப் பிரிவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் சின்ன விமானம் அது. முன்னால் பைலட், பக்கத்தில் வழிபார்க்கும் அதிகாரி, பின்னால் பெட்டிபோன்ற இடத்தில் சாம்சன். ஜன்னல் உள்ளங்கையளவு. அந்தக் காலத்தில் அந்த அடைசலான இடம் அவருக்குப் பிடித்தே இருந்தது.

எழுபத்தொன்று டிசம்பர் யுத்தத்தில் அந்த விமானம் அரபிக்கடலில் விழுந்தது. மற்ற இருவரும் வெளியே வரவில்லை. சாம்சன் வந்தார், உடைந்த கண்ணாடி வலது கண்ணில் ஏறியிருந்தது. எதிர்நாட்டு மீன்பிடிப் படகு ஒன்று அவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டது. படகுக்காரர்கள் டீ கொடுத்தார்கள். கரையில் காத்திருந்தவர்கள் கண்ணைக் கட்டினார்கள். காயம்பட்ட கண்ணோடு சேர்த்து, நல்ல கண்ணையும். லாரியில் ஏற்றினார்கள், இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள். எத்தனை நாள் அப்படி இருந்தார் என்று அவருக்கே தெரியாது. யார் கேட்டாலும் ஒரு கணக்கும் சொன்னதில்லை. கேள்வி கேட்டவர்களுக்குப் பெயர், பதவி, எண் மூன்றை மட்டும் சொன்னார். அதற்குமேல் கேட்டபோதும் அந்த மூன்றைத்தான் திரும்பச் சொன்னார்.

பிறகு முகாமில் மற்ற கைதிகளோடு சேர்த்தார்கள். அங்கே தினமும் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பஞ்சாபி சிப்பாய் குளிர்காய்ச்சலில் கிடந்தான். வரிசைக்கு வராதவனை இழுத்து வந்து நிற்க வைப்பது அங்கே வழக்கம். அதனால் அவன் பெயர் வரும்போதெல்லாம், பின்வரிசையிலிருந்து, குரலைக் கொஞ்சம் மாற்றி, சாம்சன் "ஹாஜிர்", அதாவது "உள்ளேன்", என்பார். அந்தக் குளிர்காலம் முழுதும் அவர் இரண்டு பேராக இருந்தார்.

மறு டிசம்பரில் வாகா எல்லை வழியாகத் திரும்பி வந்தார். ஊரில் மேளம் வைத்து மாலை போட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் அவரால் இருக்க முடியவில்லை. எழுபத்துநாலில் திருமுக்கூடலிலிருந்து திலகாவைக் கட்டி வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: கதவுக்குத் தாழ்ப்பாள் கூடாது. திலகா சரியென்றார். ஒருமுறை திருடன் வந்து பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனான். அப்போதும் தாழ்ப்பாள் போடவில்லை. அடுத்த குக்கரை வாங்கிக் கட்டில் காலில் கட்டி வைத்தார்கள்.

கடற்படையில் அதன்பின் தரையில்தான் வேலை. பதினைந்து வருடம் முடித்து வந்ததும் தொலைபேசித் துறையில் இடம் கிடைத்தது. எக்ஸ்சேஞ்ச் அறைக்குள் ஒரு வாரம் இருந்தார். எட்டாம் நாள் மேலதிகாரியிடம் போய், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, கம்பம் ஏறுகிற வேலை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். தென்னேரி வரைக்கும் எத்தனையோ கம்பங்களில் ஒற்றைக் கண்ணோடு ஏறி இறங்கியவர் அவர்.

வேனில் அவருக்கு அடுத்த இருக்கையில் மளிகைக்கடை அஹமது பாட்சா உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலது கண்ணில் புரை.

"மிலிட்டரி, காலச் சும்மா வைய்யா. வேனே ஆடுது."

"நேவி."

"இன்னா எயவோ. இந்த வாட்டி ஓடறதுன்னா சொல்லிட்டு ஓடு. போன வாட்டி உன் பங்கு நாஷ்டாவ எவனோ துன்ட்டான்."

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் பச்சை அங்கி கொடுத்தார்கள். நீளமான ஹாலில் வரிசையாக உட்காரவைத்து ஆளை எண்ணினார்கள். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போக வேண்டும். எந்தக் கண்ணோ அந்தப் புருவத்துக்கு மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டுவார்கள். பூஜா என்ற நர்ஸ் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னாள்: "யாரும் வெளிய போகக் கூடாது. கூப்பிடும்போது ஆள் இல்லன்னா பேரை அடிச்சிட்டு வேன்ல திருப்பி அனுப்பிடுவேன்."

சாம்சன் சுவரோரம் நடந்துகொண்டிருந்தார். அஹமது பாட்சா அவர் அங்கியைப் பிடித்து இழுத்தார்.

"ஆபரேஷன் ஆனப்பறம் கொஞ்ச நாளைக்குத் தல குனியக் கூடாதாம்பா. சஜ்தா பண்ண முடியாது. நாற்காலில ஒக்காந்துதான் தொயணும். எதிர்ல பள்ளிவாசல் கீது. ஒரு வாட்டி நெத்திய தரைல வெச்சிட்டு வந்துடறேன்."

"இவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்த, பாய்?"

"பாங்கு இப்பத்தானய்யா சொல்றாங்க! பாத்துக்கோ."

அவர் போய்விட்டார். பின்வாசலில் அவருடைய பச்சை அங்கி மறையும்போதே பூஜாவின் குரல் கேட்டது.

"அஹமது பாட்சா!"

பூஜா பேனாவை எடுத்துப் பட்டியலில் வைத்தாள்.

"அஹமது பாட்சா, இருக்கீங்களா இல்லையா?"

"ஹாஜிர்," என்றார் சாம்சன்.

தன் குரலைத் தானே கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகாமில் பதில் வந்தால் போதும், யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். இங்கே பூஜா வந்து கையைப் பிடித்தாள். "வாங்க ஐயா, எவ்வளவு நேரம் கூப்பிடறது?" வலது புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். ஏற்கெனவே செத்துப்போன கண் அது. சொல்லிவிடலாம்தான். சொன்னால் பாயின் பெயர் அடிபடும். அவர் இதோ வந்துவிடுவார், தொழ எவ்வளவு நேரம் ஆகும் என்று சாம்சன் எண்ணிக்கொண்டிருந்தார். அதற்குள் படுக்க வைத்துவிட்டார்கள்.

துணி முகத்தில் விழுந்தது.

மூச்சு திரும்பி வந்து கன்னத்தில் அடித்தது. முழங்கால் மடங்கியது. இடது கண் துணிக்குள் இருந்தது; ஓட்டை வலது பக்கம் இருந்தது. ஆகவே முழு இருட்டு. லாரியின் டீசல் நாற்றம் எங்கிருந்தோ வந்தது. எழுந்திருக்காதே, எழுந்திருக்காதே என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

பெண் டாக்டர் ஒருவரின் குரல் தலைமாட்டில் கேட்டது. "ஊசி போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கறேன் ஐயா. உங்க பேர் என்ன?"

"சாம்சன்," என்றார். "லீடிங் டெலிகிராபிஸ்ட்." பிறகு தன் எண்ணை, அந்த நாளில் சொன்ன மாதிரியே, ஆங்கிலத்தில், ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார்.

டாக்டர் துணியைத் தூக்கினார். பிளாஸ்திரியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"அஹமது பாட்சா எங்க?"

"அத நா சொல்ல மாட்டேன்மா."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூஜாவுக்கு வரவில்லை. "அவர் பேருக்கு இவர் குரல் குடுத்தா நான் என்னன்னு பாக்கறது?" என்று பொரிந்தாள். பின்வாசலில் அஹமது பாட்சா நெற்றியில் தூசியோடு வந்து நின்றார். ஒருவரையும் திருப்பி அனுப்ப வேண்டாம், முதலில் பாட்சா, பிறகு சாம்சன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாம்சனை இறக்கி வெளியே விட்டார்கள்.

வேனில் கூடவே வந்து வெளியே மரத்தடியில் காத்திருந்த திலகா அவரைப் பார்த்ததும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"ஏய், நில்லுமே! ஓடியாரல. ஆள மாத்திட்டாங்க."

"யாரு மாத்தனது?"

"நாந்தான்."

"ஒரு ஊசிக்குப் பயந்துக்கினு ஆளையே மாத்திட்டியாய்யா?" திலகா கேட்டைக் கைகாட்டினார். "வா, பஸ்ஸு வந்துடும்."

கேட் திறந்திருந்தது. இந்தமுறை யாரும் துரத்திவரவில்லை, தடுக்கவுமில்லை. சாம்சன் திலகாவோடு நாலு எட்டு நடந்தார். அவர் கால்களுக்கு அந்தப் பக்கம்தான் சுலபமாக இருந்தது. திலகா பையிலிருந்து அவர் சட்டையை எடுத்து நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஒக்காந்திரு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். ஹாலுக்குள்ளும் உட்காரவில்லை. அஹமது பாட்சா வெளியே வரும்வரைக்கும் சுவருக்குச் சுவர் நடந்தார். "சாம்சன்" என்று பூஜா கூப்பிட்டபோது அவர் ஏற்கெனவே அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

பிளாஸ்திரி, சொட்டு மருந்து, ஊசி. துணி விழுந்தது. கால் உதறியது.

"டாக்டரம்மா, என்னால படுத்துக்கினு இருக்க முடியாது. நா நடக்கணும்."

டாக்டர் போர்வைக்குள் உதறிய கால்களைப் பார்த்தார். "தலை அசையக் கூடாது. கால் விரல் அசையலாம். விரலால நடப்பீங்களா?"

சாம்சன் நடந்தார். போர்வைக்குள் பெருவிரலும் மற்ற விரல்களும், இடது, வலது, இடது. பூஜா கால்மாட்டில் நின்று, விரல் நின்றபோதெல்லாம் "நடங்க ஐயா" என்றாள். ஆபரேஷன் முடியும்போது இரண்டு கெண்டைக்காலும் அவருக்கு வலித்தது.

காலை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். அவருக்கு அது முழு இருட்டு. திலகா தோளைக் கொடுத்து அவரை வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடத்திக்கொண்டிருந்தார். திலகாவுக்கு முடியாதபோது அஹமது பாட்சா, தானும் ஒற்றைக் கண்ணோடு, "நல்ல பேஜாருய்யா உன்னோட" என்று முனகிக்கொண்டே கூட நடந்தார்.

காலையில் டாக்டர் கட்டைப் பிரித்து மூன்று விரலைக் காட்டினார்.

"எத்தனை?"

"மூணு. நடுவெரல்ல மை கீது."

"சரி, ஐயா. கொஞ்ச நேரம் இப்படியே உட்காருங்க. சொட்டு மருந்து எப்படிப் போடறதுன்னு சொல்றேன்."

"அத இவளாண்ட சொல்லுங்க," என்று திலகாவைக் காட்டிவிட்டு சாம்சன் எழுந்து, வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்த வராந்தாவுக்குப் போய்விட்டார்.