நிறம் மாறாத பட்டை

"நடுவுல பட்டை தனியா தெரியுதா?" என்று கேட்டார் மார்வின். பிப்ரவரிக் காற்று பிக்கப் வண்டியின் கதவைப் பிடுங்கப் பார்த்தது.

"தெரியலப்பா. வேலி வரைக்கும் ஒரே நிறமாத்தான் இருக்கு," என்றாள் மகள் ட்வைலா.

"அப்ப மண்ணுலயே சத்து இருக்கு. யூரியா வேணாம். வண்டியில ஏறு."

"இந்த வறட்சியில பட்டை எப்படிப்பா தெரியும்? போட்ட உரம் வேருக்கே போய்ச் சேந்திருக்காது."

"உரக்கடை ராய்ஸ் உனக்குக் கமிஷன் தரானா? என்னைப் பாத்தாலே எந்திரிச்சு நிக்கிறான். உங்கம்மா வீட்லகூட எனக்கு அந்த மரியாதை கிடைச்சதில்ல."

சிரித்தார். ஆனால் வயல் பக்கம் மறுபடி திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார்.

மேற்கு ஓக்லஹோமாவில் கோதுமை விதைக்கும்போதே வயலின் நடுவில் ஒரு பட்டைக்கு மட்டும் உரத்தை வாரி இறைப்பார்கள். குளிர் கழியும்போது பட்டை தனித்துக் கரும்பச்சையாகத் தெரிந்தால் மற்ற பயிர் பசியில் இருக்கிறது என்று பொருள். தெரியாவிட்டால் செலவு மிச்சம். ஆனால் மழையற்ற வருடத்தில் பட்டை வாய் திறக்காது. சர்ச் விருந்துகளில் அதை ஊருக்கே எடுத்துச் சொன்னவர் மார்வின்தான்.

போன வருடம் யானை விலை கொடுத்து யூரியா தூவினார். மூன்று வாரம் ஒரு சொட்டு விழவில்லை. போட்டதில் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றோடு போயிற்று. விளைச்சல் பாதியானது. இந்த முறையும் படுத்தால் குத்தகையைப் பக்கத்துக்காரருக்கு மாற்றிவிடுவதாக நிலத்துக்காரி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மார்வினுக்கு உரம் போடவும் பயம், போடாமலிருக்கவும் பயம். சாப்பாட்டு மேசையில் முட்டை ஆறிப்போகும். அவர் ஜன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ட்வைலா மறுநாள் தனியாகப் போய்ப் பட்டையில் கத்தியால் கிளறிப் பார்த்தாள். விரல் ஆழத்துக்குக் கீழேயும் வெறும் புழுதி. வேர்கள் மேலேயே சுருண்டு கிடந்தன. பயிர் தண்டு நீண்டு கணு விட இன்னும் பத்து நாள்தான். அதற்குப் பிறகு போடும் உரம் கதிருக்கு அவ்வளவாக உதவாது. வியாழக்கிழமை மழை என்றது வானொலி. போன வருடமும் அப்படித்தான் சொன்னது.

கிளறிய மண்ணைக் கொண்டுவந்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைக் கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தார், தூளாகி உதிர்ந்தது.

"கண்ணு," என்றார் கடைசியில், "புதன்கிழமை உரம் தூவுற வண்டியை வரச்சொல்லு. காலையில நான் வேணாம்னு கத்துவேன். நிச்சயமா கத்துவேன். நீ காதுல போட்டுக்காத."