அப்பா பெயரைச் சொன்ன வகுப்பு

மகள் பள்ளியில் தலைமைப் பண்பு வகுப்பு நடத்தப்போகிறாள்; விருந்தினர் ஒருவரை அழைத்துப் பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைக்கும் வகுப்பு. அவள் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன். வேண்டாமென்று தடுத்தால் அவளுக்கு எதைக் கற்றுத் தருகிறேன்? தடுக்காவிட்டால்?

எண்ணூரில் ஆறாம் வகுப்பு படித்தபோது அதே மாதிரி வகுப்பை நானும் நடத்தினேன். பள்ளிக்குப் பெஞ்சு வாங்கித் தந்த தொழிற்சாலையின் அதிகாரிதான் விருந்தினர். கேள்வி கேட்பவர் முதலில் தன் பெயர், தெரு, அப்பாவின் பெயர், வேலை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தேன். அதுதான் தைரியம் என்று டீச்சர் மெச்சினார்.

என் அப்பாவும் அந்தத் தொழிற்சாலையில்தான் ஒப்பந்தக் கூலி. மாலையில் கேட் பாஸை மேஸ்திரி வாங்கிக்கொள்வார். காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்பித் தருவார். கூப்பிடவில்லை என்றால் வேலை போயிற்று. காரணம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வகுப்பில் ஒருவரும் கேள்வி கேட்க எழவில்லை. "தலைவி, நீயே கேளுடி!" என்று பின்வரிசை கேலி செய்தது. திட்டப்படி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நானே கேட்டேன். போன வாரம் உங்கள் தொழிற்சாலையிலிருந்து நெடி வந்து தெருவே வாந்தியெடுத்ததே, ஏன் அபாயச் சங்கு ஊதவில்லை?

டீச்சர் முகம் வெளுத்தது. அதிகாரி மட்டும் சிரித்தார்.

"நல்ல கேள்வி. அப்பா பேரு என்ன சொன்ன?"

இன்னும் உரக்கச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து பெருமையாக ஒப்பித்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள்.

"கேட்டதுகூட போவட்டும். அப்பா பேர இன்னாத்துக்குடி சொன்ன?"

"வுடுமே, கொயந்த" என்றார் அப்பா.  அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது பள்ளி வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போகும் காக்கிச் சட்டை, கையில் திறக்காத டிபன் பாக்ஸ். சட்டையில் வழக்கமான கரி இல்லை. ஒருநாளும் பள்ளிக்கு வராதவர். வேப்பமர நிழலில் என்னை உட்கார வைத்து, கருவாட்டுக் குழம்புச் சோற்றைப் பிசைந்து முழுவதும் எனக்கே ஊட்டினார்.

"நீ துன்னலியாப்பா?"

"பசிக்கலமா."

என் கேள்விக்குப் பரிசாக அப்பாவுக்கு லீவு கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். தோழிகள் பார்க்கும்படி அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "நாளிக்கும் வர்றியாப்பா?" என்றேன்.

"வர்றேன்" என்றார்.

மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். அந்த வாரம் முழுக்க என்னைவிடச் சந்தோஷமான பிள்ளை அந்தப் பள்ளியில் இல்லை.