கச்சானுக்குக் காத்திருந்தவர்

சின்னதம்பி சொன்னால் கோட்டைக்குப்பத்தில் ஒருத்தரும் மண்வெட்டி எடுக்க மாட்டார்கள் என்றாகியிருந்தது. அதற்குக் காரணமும் அவரேதான், வேறு யாரைச் சொல்ல?

போன வருடம் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் அந்த வாய் அடைபட்டால் கடல் மீன் உள்ளே வராது, ஏரித் தண்ணீர் வெயிலில் சுண்டி உப்பேறும், இறால் செத்துப்போகும். அவசரக் குடுக்கையான சின்னதம்பி ஊரையே இழுத்துக்கொண்டு போய் வெட்டினார். ஏரி வற்றித் தாழ்ந்திருந்ததை யோசிக்கவில்லை. ஏரியைவிட உயர்ந்து நின்ற கடல் வாய்க்கால் வழியே உள்ளே வந்தது. கூடவே மணலைக் கொண்டுவந்து கொட்டி, வாயை மறுபடி அடைத்தது. ஏரியில் வலை போடும் உரிமை வீட்டுக்கு வீடு மாறி வரும், பாடு என்பார்கள். அந்தப் பருவம் யாருக்குப் பாடு வந்தும் வெறும் வலைதான் கரையேறியது. பழி சின்னதம்பி தலையில் விழுந்தது. விழ வேண்டியதுதான்.

இந்த ஐப்பசியில் வங்கக்கடல் என்றைக்கும் இல்லாத சூட்டோடு கிடந்தது. அந்தச் சூட்டில் எழுந்த ஈரமெல்லாம் திரண்டு புயலாகி, ஆந்திரக் கரையைப் பார்த்து நகர்வதாகக் கைபேசியில் செய்தி வந்தது. வாடைக்காற்றோடு மழை கொட்டியது. ஆரணியாற்று வெள்ளம் சேர்ந்து ஏரி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

ஊர்ப் பெரியவர் திருவேங்கடம் ஆட்களோடு சின்னதம்பி வீட்டுக்கு வந்து நின்றார்.

"ஏரி ரொம்பிடுச்சி. வெட்டிடலாம்னு சொல்றாங்க. நீ இன்னா சொல்ற?"

"இப்ப வேணாம்ணே. வாடை அடிக்கிற வரைக்கும் கடலும் கரையேறித்தான் நிக்கும். புயல் வடக்க ஏறிட்டா காத்து மேக்கால திரும்பி கச்சானா அடிக்கும். கடல் எறங்கும், ஏரித் தண்ணிய காத்து வாய்ப்பக்கம் தள்ளும். அப்ப வெட்டலாம்."

"போன வருசமும் நீதான சொன்ன?"

"ஆமாண்ணே. அதான் இப்ப நிக்கச் சொல்றேன்."

மறுநாள் காலை வரைக்கும்தான் பொறுப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்குள் மனைவி லோகநாயகி அடுப்பைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், வூட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சி. இந்தவாட்டியும் தப்பாப் போச்சின்னா இந்த ஊர்ல நாம பொழைக்க முடியாதுய்யா."

சின்னதம்பி வாசலுக்குப் போய்க் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். இன்னும் வாடைதான்.

காலையில் ஊரே மணல்மேட்டில் நின்றது. வாடை விடவில்லை. திருவேங்கடம் பொறுமையிழந்து மண்வெட்டியை ஓங்கினார். சின்னதம்பி அதன் காம்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்கையிலேயே காற்று செத்தது. கொஞ்ச நேரம் ஒரு சலனமும் இல்லை. பிறகு ஏரிப் பக்கமிருந்து முதுகில் சில்லென்று அடித்தது.

"கச்சான்! வெட்டுங்கடா!" என்று சின்னதம்பி கத்தினார்.

ஆண்கள் வெட்ட, பெண்கள் கூடை கூடையாக மணலை வாரிக் கொட்டினார்கள். ஒரு முழ அகல வாய்க்காலில் ஏரி முதலில் தயங்கித்தான் நுழைந்தது. கடல் இறங்கிக்கொண்டிருந்தது. மேற்குக் காற்று பின்னாலிருந்து நெட்டித் தள்ள, கரை பாளம் பாளமாக இடிந்து விழுந்தது. நின்றவர்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். மதியத்துக்குள் படகு போகும் அகலத்துக்கு வாய் திறந்து, செம்மண் வெள்ளம் இரைச்சலோடு கடலில் பாய்ந்தது. வீடுகளுக்குள்ளிருந்து தண்ணீர் வடியத் தொடங்கியது.

திருவேங்கடம் ஓடிவந்து சின்னதம்பியைக் கட்டிக்கொண்டார். சின்னதம்பி வெட்கமில்லாமல் அழுதார். மேட்டின்மேல் ஏறி நின்ற லோகநாயகி, வெள்ளத்தின் இரைச்சலையும் மீறி ஊருக்கே கேட்கக் கத்தினாள்:

"சொன்னது யாரு? என் வூட்டுக்காரு!"