நைனா காலால் அளந்த மனை

மனை வாங்குவதற்கு முன்னால் அதை நடந்து பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் நைனாவின் கட்சி. பதினாறு வயதிலேயே ஊரைவிட்டு வந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டரானவர். புரோக்கர் பேச்சு, நோட்டீஸில் போட்ட படம் எதையும் நம்ப மாட்டார். அந்தக் கோடையில் ஞாயிறுதோறும் முதல் பூசை முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு மின்சார ரயிலில் திருநின்றவூர் போய் இறங்குவார். அங்கிருந்து நடை. ஒரு வாரம் ரோட்டு வழி, மறுவாரம் பனைமர வழி. பால் எங்கே கிடைக்கும், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், எல்லாம் கால்தான் சொல்ல வேண்டும். மனைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல் அடி வைத்து, நாலு எல்லைக்கல்லுக்கும் அளப்பார். போன வாரம் அளந்த மனை இந்த வாரம் சுருங்கியிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்.

எனக்கு எட்டு வயது. அவர் அளந்து முடிக்கிறவரை நத்தை ஓடு பொறுக்குவேன். வெடித்த மண்ணில் வெள்ளை வெளேரென்று எத்தனை வேண்டுமானாலும் கிடக்கும். கண்டதைப் பொறுக்கி வந்தால் அம்மா முதுகில் போடுவாள். அதனால் கவுன் பையில் ஒளித்துவந்து பவுடர் டப்பாவில் சேர்த்தேன்.

பத்திரம் பதிகிற வாரத்தில் நைனாவின் அண்ணன் வந்தார். ஊரோடு இருந்து கழனியைப் பார்த்துக்கொண்டவர். ஓடுகளைக் கொட்டி விளையாடிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா இது, எங்க பொறுக்குன?" என்றார் பெரியப்பா.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்குச் சட்டென்று அயனம்பாக்கத்து அத்தை நினைவுக்கு வந்தாள். அவள் வீடு ஏரிக்கரையில்.

"அத்த ஊட்டாண்ட, ஏரில."

"அதானே பாத்தேன். தண்ணி கட்டி நிக்கிற எடத்துலதான் இது கெடக்கும்" என்று ஒன்றை எடுத்து நைனாவிடம் நீட்டினார். நைனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். மனையில் எண்ணிக்கை தப்பக்கூடாதென்று தன் கால்விரலை மட்டுமே பார்த்து நடந்த மனிதர்.

அம்மாவின் வளையல்கள் மனையாயின. ஐப்பசி மழை விட்டதும் ஒரு ஞாயிறு போனோம். மனை இருந்த இடத்தில் ஏரி நின்றது. எல்லைக்கல் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நைனா அளந்துதான் போட்டிருந்தார்.

பேண்ட்டை மடித்துக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி இறங்கினார். ரோட்டிலிருந்து எத்தனை அடி என்பது அவருக்கு மனப்பாடம். வாய்விட்டு எண்ணிக்கொண்டே போய், தொடையளவுத் தண்ணீரில் நின்றார்.

"இங்கதாம்மா நம்ம வாசப்படி."

எனக்குத் தண்ணீரில் நின்ற குஷி. "நைனா, நான் நத்தை பொறுக்குனதும் இங்கதான்! அத்த ஊட்டாண்ட இல்ல, பொய் சொன்னேன்!" என்று கத்தினேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இத யாராண்டயும் சொல்லாத. அம்மாவாண்டகூட."

சாகிறவரை வாடகை வீட்டில்தான் இருந்தார் நைனா. நத்தைப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? அம்மாவின் அடியிலிருந்து காப்பாற்றுகிறார் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை உதைத்து விளையாடியபடியே கரையேறினேன்.