கீழே போயிருக்கும் மருந்தாளுநர்

மலைமேல், திருப்புலி நாட்டு ஊர்களுக்கிருந்த ஒரே மருந்துக்கடையில், கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று தொங்கும். பதிவு பெற்ற மருந்தாளுநர் என்று ஒரு பெண்ணின் பெயரும் சிறிய புகைப்படமும் அதில் இருக்கும். அந்தப் பெண்ணைக் கடையில் யாரும் பார்த்ததில்லை. கேட்டால், "கீழ போயிருக்காங்க, வந்துருவாங்க" என்பார் கடைக்கார அண்ணன். வருடக்கணக்காக அவர் கீழேதான் போயிருந்தார். நாங்கள் துருவிக் கேட்கவில்லை. மழையில் பஸ் நின்றுபோன நாட்களிலும் அண்ணன் கடையைத் திறந்து வைத்திருப்பார். மரவள்ளி பிடுங்கிய மண் கையோடு வருகிறவர்களையும் முகம் சுளிக்காமல் கவனிப்பார். அவர் நல்லவராக இருந்ததுதான் எங்கள் வாயைக் கட்டிப்போட்டது என்று இப்போது தோன்றுகிறது.

அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையை வாங்க அன்று நான்தான் போனேன். அட்டையின் நிறம் மாறியிருந்தது.

"ஏனுங்கண்ணா, இது வேற மாதிரி இருக்குதுங்களே?"

"கம்பெனிதான் வேற கண்ணு. மருந்து ஒண்ணுதான்."

நம்பினேன். அது சர்க்கரை நோய்க்கான மாத்திரை என்று பிறகுதான் தெரிந்தது. பெயரில் ஓரிரண்டு எழுத்துதான் வித்தியாசம். சர்க்கரையே இல்லாத அம்மா மூன்றாம் நாள் மிளகுக் கொடிகளுக்கிடையே நினைவிழந்து கிடந்தாள். எந்நேரம் விழுந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வளைவு வளைவாக இறங்கியபோது அவள் கை என் மடியில் சில்லிட்டிருந்தது. உயிர் பிழைத்தாள். பேச்சு திரும்பவில்லை. என்னை யாரென்று தேடுகிற பார்வை மட்டும் மிஞ்சியது.

சான்றிதழில் இருந்த பெயரை வைத்துக்கொண்டு அந்த மருந்தாளுநரைத் தேடிப் போனேன். கீழே ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். படத்தில் இருந்ததைவிட இளைத்திருந்தாள். நான் சொன்னதையெல்லாம் தலைகுனிந்து கேட்டுவிட்டு, "அந்த மலைக்கு நான் ஒரு தடவைகூட வந்ததில்லீங்க. சர்டிபிகேட் மட்டுந்தான் வாடகைக்குக் குடுத்தேன்" என்றாள். பிறகு, "அம்மா இப்ப சாப்பிடறாங்களா?" என்று கேட்டாள். அவளைத் திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்களை விட்டுவிட்டு, "கஞ்சி மட்டும் குடிக்கறாங்க" என்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

புகார் எழுதிக் கொடுத்தேன். அதிகாரிகள் வந்தார்கள், கடை மூடப்பட்டது. மலையை விட்டுப் போகுமுன் அண்ணன் எங்கள் வாசலில் நின்று அம்மாவைப் பார்த்து அழுதார். நான் அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. உரிமம் பெற்றவர் எவரும் வந்து அந்தக் கடையைத் திறக்கவும் இல்லை. "இருந்த ஒரு கடையையும் மூடிப்போட்டியே சாமி" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

இப்போது மாதம் ஒருமுறை அம்மாவின் மருந்துக்காகக் கீழே போகிறேன். அவளைப் போல என்னோடு பேசாதவர்களும் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து தங்கள் மருந்துச் சீட்டை என் கையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். கீழே நான் வாங்கும் கடையில் மருந்தாளுநர் இருக்கிறார். ஒவ்வொரு சீட்டையும் படித்து, எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லித் தருகிறார். மலையேறி வந்ததும் நான் அவரவர்க்குப் பிரித்துக் கொடுக்கிறேன்.

போன மாதம் அந்த அக்கா மாத்திரையை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். "இது காலையிலயா, ராத்திரியா?" என்றாள். இத்தனை பேர் மருந்துக்கு நடுவே அவளுடையதற்கு மருந்தாளுநர் சொன்னது எனக்குச் சரியாக நினைவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலங்கக்கா" என்றேன்.

மறுநாள் அவள் காட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வரும்வரை என் கண் பாதையிலேயே இருந்தது.