இடது முன்சக்கரம்

சாவியைத் திருப்பியதும் எங்கள் காரின் டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒருசேர எரியும். மற்றவை உடனே அணைந்துவிடும். ‘ஏபிஎஸ்’ என்று எழுதிய மஞ்சள் விளக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு அணையும். அது அணைகிறவரை வண்டியை எடுக்க மாமா விடமாட்டார். அவர் கண்ணுக்கு அது சரியாகத் தெரியாது. பக்கத்து இருக்கையில் சாய்ந்தபடி, “ஏளா, அணைஞ்சிட்டா?” என்பார். “அணைஞ்சிட்டு மாமா” என்று நான் சொன்ன பிறகுதான் வலது கையை நீட்டி, போகலாம் என்று உத்தரவு கொடுப்பார். ஏதோ துறைமுகத்தை விட்டுத் தோணி கிளம்புகிற மாதிரிதான்.

மாமா என் கணவரின் அப்பா. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணியில் தண்டலாக இருந்தவர். கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ, தோணிக்குத் தண்டல் அப்படி. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகு வீட்டோடு முடங்கினார். கணவர் கப்பலில். எனக்குத் துறைமுகத்தில் சரக்கு ஏஜென்சி ஒன்றில் வேலை. வீட்டில் நானும் மாமாவும்தான். காப்பியில் சூடு பத்தவில்லை, குழம்பில் புளி கூடிவிட்டது என்று வாரம் முழுக்க என்னைப் படுத்தி எடுப்பார். நானும் சும்மா விடமாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் எங்களுக்குள் சண்டை கிடையாது. மீன் வண்டிகள் இறங்குகிற தடத்தில் காரை இறக்கி, இறுகின ஈர மணலில், அவர் பக்கத்துக் கதவு கடலைப் பார்க்க நிறுத்துவேன். கதவைத் திறந்து, வராத காலைக் கையால் தூக்கி, இரண்டு காலையும் வெளியே போடுவார். அலை வந்து காலை நனைத்துப் போகும். அந்த நேரம் மட்டும் பச்சைப்பிள்ளை மாதிரி இருப்பார். எனக்கு அவரை மிகவும் பிடித்தது அப்போதுதான்.

ஒருநாள் அந்த மஞ்சள் விளக்கு அணையவில்லை. பிரேக் எப்போதும் போலப் பிடித்தது. சனிக்கிழமை மெக்கானிக்கிடம் காட்டிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் ஒரு தூறல் நாளில், பிசியோதெரபிக்கு அவரைக் கூட்டிப்போகையில், துறைமுகச் சாலையில் முன்னால் போன கண்டெய்னர் லாரி சட்டென்று நின்றுவிட்டது. அழுத்தி மிதித்தேன். ஏபிஎஸ் வேலை செய்யாததால் சக்கரம் சுழலாமல் இறுகிக்கொள்ள, கார் பக்கவாட்டில் வழுக்கியது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கேட்கவில்லை. லாரியின் பின்பக்கத்தில் மாமாவின் கதவு முட்டாமல் கார் நின்றது எங்கள் நல்ல நேரம். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்படியே மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்து, இடது முன்சக்கரத்தின் வேகத்தை அளக்கிற சென்சாரிலிருந்து சரியான தகவல் வரவில்லை என்றார். எடுத்த எடுப்பில் புதுசு மாட்டச் சொல்லவில்லை. மீட்டரை வைத்து ஒயரைச் சோதித்தார், அறுந்திருக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி சென்சாரை உருவினார். அதன் எதிரே சுற்றுகிற பல்வளையத்தில், பல்லுக்குப் பல் துருவும் உப்புமாக அடைத்துக்கிடந்தது. பிரஷ்ஷால் தேய்த்தார். சென்சாரின் முனையைத் துடைத்தார். இணைப்பைத் திறந்து உலர்த்தினார். பிறகு ஸ்கேனரில் பழைய பிழையை அழித்துவிட்டுத் தெருமுனைவரை ஓட்டிப்பார்த்தார். விளக்கு அணைந்துவிட்டது.

“நாலு சக்கரத்துல இது மட்டும் இம்புட்டு மோசமா இருக்கே. கடலுக்குள்ளயா விட்டீய?” என்று கேட்டார்.

மாமா ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கால் நனைகிற பக்கத்துச் சக்கரம் அது. போகாமலிருப்பதே நல்லது, போய்த்தான் ஆகவேண்டுமென்றால் வந்த கையோடு நல்லதண்ணீரால் கழுவி, மாதம் ஒருமுறை இங்கே காட்டுங்கள் என்று மெக்கானிக் சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு தடத்தின் பக்கம் காரைத் திருப்பியதும் மாமா என் கையைப் பிடித்தார். “வேண்டாம்ளா. வீட்டுக்கு விடு. நீ தினமும் லாரிக்கு நடுவுல போறவ.” அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. காப்பி சூடாக இருக்கிறதா என்றுகூடக் கேட்பதில்லை, கொடுத்ததைக் குடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் திட்டாத வீடு வீடாகவே இல்லை.

கழுவிக்கொண்டால் போயிற்று என்று நான் மல்லுக்கு நின்றேன். எந்தத் தண்ணீரில் கழுவுவாய் என்றார். அது நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. குழாயில் நல்லதண்ணீர் வருவது எப்போதாவது. அதைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, மாமா குளிக்க மட்டும் ஒரு வாளி ஒதுக்குவேன். உப்புத்தண்ணீர் பட்டால் அவருக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும்.

மறுநாள் குளிக்கக் கூப்பிட்டபோது, போர் குழாயைத் திறக்கச் சொன்னார்.

“அந்த வாளிய ஞாயித்துக்கெழமைக்கு எடுத்து வையி. தோணியில நான் என்னைக்கு நல்லதண்ணியில குளிச்சேன்?”

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். தண்டல் சொன்னால் சொன்னதுதான். அதன்பிறகு ஞாயிறுதோறும் கடலுக்குப் போய்வந்ததும், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தச் சக்கரத்தின் உள்பக்கம்வரை தானே மோந்து மோந்து ஊற்றினார். ராத்திரி முதுகைச் சொறிந்துகொள்வார். தேங்காயெண்ணெய் தடவிவிட்டபடி நான் திட்டுவேன். அவரும் திருப்பித் திட்டினார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் மாமா போய்விட்டார். இப்போது காரை யாரும் கடலில் இறக்குவதில்லை. விளக்கும் மக்கர் பண்ணுவதில்லை. இன்று காலை வேலைக்குக் கிளம்பச் சாவியைத் திருப்பினேன். எல்லாம் எரிந்தன, எல்லாம் அணைந்தன. மஞ்சள் விளக்கு ஒருநாளாவது அணையாமல் இருந்து தொலைக்கக் கூடாதா என்று இருந்தது. அதுவும் அணைந்தது.

“அணைஞ்சிட்டு மாமா” என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.